பாம்புக்கடியும் இருபது நிமிஷப் பரிசோதனையும்

பத்மநாபபுரத்தைச் சூழ்ந்த கல்குளம் பகுதியில் நெல்வயலும் வாழைத்தோட்டமும் தென்னந்தோப்பும் ரப்பர்த் தோட்டமும் ஒன்றையொன்று அடுத்தே அமைந்துள்ளன. ரப்பர்ப் பால் எடுப்போர் விடியுமுன்னரே சருகின்மேல் நடக்கவேண்டியிருக்கிறது. அறுப்பு வேலைக்காரர் எலிவளைகள் மலிந்த வரப்புகளில் கைவைக்கவேண்டியிருக்கிறது. ஆகையால் பாம்புக்கடி இப்பகுதிக் குடியானவர்களுக்குப் புதிதன்று. இந்தியா முழுவதிலும் 2000 முதல் 2019 வரையில் சுமார் 12 லட்சம் பேர் இதனால் மாண்டனர் என்றும், அவர்களுள் பெரும்பாலோர் கிராமவாசிகள் என்றும் 2020-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி மதிப்பிட்டுள்ளது. மாற்று மருந்து இருந்தும் இவ்வளவு உயிர்ச்சேதம் நேரிடுவதற்குக் காலதாமதம் ஒரு காரணம். விஷம் உடலில் ஏறியதா, ஏறியது எந்தப் பாம்பின் விஷம் என்பதை நிச்சயிப்பதிலுள்ள சிரமம் மற்றொன்று. பின்னதைப்பற்றிக் குடியானவர்கள் அதிகம் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள்.

விஷமுறிவு மருந்து குதிரைகளின் இரத்தத்திலிருந்து செய்யப்படுவது. விஷத்தைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றினால் அதன் இரத்தத்தில் எதிர்ப்புச் சத்து உண்டாகும். அதைப் பிரித்தெடுத்துச் சுத்தி செய்கிறார்கள். 1890-களில் கால்மெத் என்ற பிரெஞ்சு வைத்தியர் நல்லபாம்பின் விஷத்தைக்கொண்டு இம்மருந்தைச் செய்தபோது, அது எல்லாப் பாம்புகளுக்கும் உதவும் என்றே எண்ணினார். அவ்வாறன்று என்பது விரைவில் வெளியாயிற்று. ஆகவே இந்தியாவில் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்திற்கும் சேர்த்து ஒரே மருந்து தயாரிக்கப்படுகிறது. இதற்கு வேண்டிய விஷத்தின் பெரும்பகுதியை, 1978-ல் ஏற்பட்டு வடநெம்மேலியில் நடைபெறும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அளித்து வந்திருக்கிறது.

இம்மருந்தைக் கடிபட்டோர் யாவருக்கும் செலுத்துதல் தகாது. கடிக்கும் பாம்புகளில் அநேகம் விஷமற்றவை. விஷப்பாம்பும் சிற்சில வேளைகளில் விஷத்தை இறக்காமலே கடித்துவிடும். மருந்தோ குதிரையின் சத்தாகையால் சிலருக்குத் தடிப்பும் மூச்சுத்திணறலும் உண்டாக்கும். விரியனின் விஷம் ஏறினால் இரத்தம் உறையும் தன்மை கெடுகிறது. இதை அறிய விலையுயர்ந்த யந்திரம் எதுவும் வேண்டியதில்லை. புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லிலிட்டர் இரத்தம் எடுத்து, இருபது நிமிஷம் அசையாமல் வைத்து, பின்பு ஒருமுறை சாய்த்துப் பார்த்தாற் போதும். உறையாமல் ஓடினால் மருந்து தேவை என்று கொள்ளப்படும்.

எளிய பரிசோதனைதான், ஆயினும் அது கெடும் வழிகளும் எளியவையே. இரத்தம் உறைவதற்குக் கண்ணாடியின் மேற்பரப்பே தூண்டுகோலாகையால், பிளாஸ்டிக் குழாயிலும், சோப்புத்தூள் இட்டுக் கழுவிய பழைய குழாயிலும் நல்ல இரத்தமும் உறையாதிருந்து வைத்தியரை ஏமாற்றும். இலங்கையில் சாதாரண ஆஸ்பத்திரி வழக்கப்படி நடந்த பரிசோதனைகளை ஆராய்ந்து 2013-ல் வெளியிட்டபோது, விஷத்தால் இரத்தம் கெட்டிருந்தோரிற் பாதிக்கு மேற்பட்டவர்கள் கண்டுபிடிக்கப்படாமல் விடப்பட்டது தெரியவந்தது. குழாயின் அளவையும் செய்யும் முறையையும் வரையறுத்து அங்கேயே நடத்தி 2017-ல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில், அத்தகையோரில் நூற்றுக்கு 82 பேர் சரியாகக் கண்டறியப்பட்டனர். முதல் முறை உறைந்துவிட்டதென்று நோயாளியை வீட்டிற்கு அனுப்பிவிடலாகாது. விஷம் மெதுவாக ஏறுவதும் உண்டு என்பதால் திரும்பத் திரும்பச் சோதிக்கவேண்டும்.

கட்டுவிரியன் கடியில் இப்பரிசோதனை பயன்படாது. அதன் விஷம் நரம்பைத் தாக்குவது. தரையில் உறங்குவோரை இராக்காலத்தில் கடிக்கும். வலியோ வீக்கமோ பெரும்பாலும் இராது. விடியற்காலையில் வயிற்றுவலி கண்டு, பின்பு கண்ணிமைகள் தானாகத் தாழ்ந்தால், கடிவாய் தென்படாவிடினும் சந்தேகிக்கவேண்டும்.

மலையடிவாரத்தார் விசேஷமாக அறியவேண்டிய பாம்பு ஒன்றுண்டு. அது மூக்கு நுனி மேல்நோக்கி நிமிர்ந்த சிறிய குழிவிரியன். சருகின் நிறமுடையது, மேற்குத்தொடர்ச்சி மலைச்சாரலிலும் இலங்கையிலும் வசிப்பது. இதனால் பெருங்கேடு விளையாது என்றே இந்தியாவில் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். இதன் கடி இரத்தத்தைக் கெடுத்துச் சிறுநீரகத்தையும் பழுதாக்கக்கூடும் என்பதைக் கேரளத்து வைத்தியர்கள் 2007-ல் சான்றுடன் வெளியிட்டனர். இதைச் சுருட்டை விரியன் என்று பிழையாகக் கருதி நாற்பாம்பு மருந்தைச் செலுத்தினால் பலனில்லை என்பதும் அவர்கள் கண்டதே. இதற்கென்று தனி மருந்து இந்தியாவில் இன்னும் வழக்கிற்கு வரவில்லை. இரத்தத்தையும் சிறுநீரகத்தையும் கவனித்து, வேண்டுமானால் டயாலிசிஸ் செய்து நோயாளியைக் காப்பாற்றவேண்டியிருக்கிறது. மருந்து ஏற்றிய ஆறு மணி நேரத்திற்குப் பின்னும் குழாயில் இரத்தம் உறையாவிடில், இப்பாம்பையும் வைத்தியர் நினைவிற்கொள்வது நலம்.

2024 நவம்பரில் தமிழ்நாடு அரசாங்கம் பாம்புக்கடியை ஆஸ்பத்திரிகள் கட்டாயமாகத் தெரிவிக்கவேண்டியவற்றுள் ஒன்றாக அறிவித்தது. எந்தப் பகுதியில் எவ்வளவு மருந்து இருப்பில் வைக்கவேண்டும் என்பதை இக்கணக்கு காட்டக்கூடும்.

கடிபட்டவரின் உறுப்பை இறுகக் கட்டுதல், கீறுதல், வாயால் உறிஞ்சுதல் ஆகியவற்றால் கேடே விளையும். மோதிரம், வளையல் முதலியவற்றைக் கழற்றி, உறுப்பை ஆடாமல் வைத்து, நடக்கவிடாமல் வாகனத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லவேண்டும். பாம்பை அடிக்கப்போய் மற்றொருவர் கடிபடுவதும் உண்டு. தூரத்திலிருந்து படம் எடுக்க முடிந்தால் அது போதும். கடித்த நேரம், வயலா தோட்டமா படுக்கையா என்ற இடம், வழியில் பல்லீற்றிலோ சிறுநீரிலோ இரத்தம் கண்டதா என்ற விவரம் ஆகிய மூன்றையும் உடன் செல்பவர் வைத்தியரிடம் சொல்லவேண்டும்.