கிருஷ்ணன்கோவில் வெயிலுக்கு எந்தப் பெர்ரி?

சந்தையிலும் சாலையோர நாற்றுக் கடைகளிலும் இப்போது புதுவிதமான செடிகள் வருகின்றன. சிறிய பிளாஸ்டிக் பையில் ஒரு முழம் உயரச் செடி, அதில் கருநீலப் பழங்களின் படம் போட்ட அட்டை. 'புளூபெர்ரி' என்கிறார்கள். பிள்ளைகள் கேட்கிறார்களே என்று சில நூறு ரூபாய் கொடுத்து வாங்கி வருகிறவர்கள் உண்டு. சித்திரை பிறப்பதற்குள் இலை மஞ்சளாகி, நுனி கருகி, செடி போய்விடுகிறது. தண்ணீர் ஊற்றியதில் குறை என்று வீட்டுக்காரர்கள் தங்களையே நொந்துகொள்கிறார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை.

புளூபெர்ரிக்கு இரண்டு தேவைகள். ஒன்று குளிர். பெரும்பாலான ரகங்கள் பூக்க வேண்டுமானால் 7 டிகிரிக்குக் கீழான குளிரில் பல நூறு மணி நேரம் நிற்க வேண்டும். திருவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரத்தில் மார்கழி விடியலில்கூட அந்தக் குளிர் கிடையாது. குறைந்த குளிரில் காய்க்கும் ரகங்களும் வந்திருக்கின்றன. ஆனால் இரண்டாவது தேவையை அவையும் விடாது. மண்ணின் கார அமில நிலை 4.5 முதல் 5.5-க்குள் இருக்க வேண்டும். நம் கரிசல் 8-ஐ ஒட்டி நிற்பது. தொட்டியில் புது மண் கலந்து வைத்தாலும், உப்புத் தட்டும் போர் தண்ணீரை ஊற்ற ஊற்ற மண் மறுபடி காரமாகிவிடும். இலை மஞ்சளாவது இரும்புச்சத்தை வேர் எடுக்க முடியாததால்தான்.

ஸ்ட்ராபெர்ரி அவ்வளவு மோசமில்லை. ஐப்பசியில் நட்டால் தை, மாசியில் சில பழங்கள் பார்க்கலாம். கோடையைத் தாண்டாது; ஆண்டுதோறும் நாற்றுக்குக் காசு. மகாபலேஷ்வரிலும் ஊட்டி, கொடைக்கானலிலும் அது பயிர். இங்கே அது விளையாட்டு.

கிருஷ்ணன்கோவிலில் நிச்சயமாகக் காய்க்கும் பெர்ரி மல்பெரிதான். முசுக்கட்டை என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். பட்டுப்புழு வளர்ப்பவர்கள் இலைக்காகவே நடுவதால் பழத்தை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. இதில் ஒரு எச்சரிக்கை. மல்பெரியில் ஆண் பூ ஒரு செடியிலும் பெண் பூ வேறு செடியிலும் வருவது சகஜம். ஆண் செடியின் குச்சியை நட்டால் ஆயுளுக்கும் இலைதான். எனவே பழம் தொங்குவதைக் கண்ணால் பார்த்த செடியிலிருந்து குச்சி எடுங்கள். அக்கம்பக்கத்தில் கேட்டால் சும்மாவே கிடைக்கும்.

ஆறு, எட்டு மாதம் முற்றிய, பென்சில் கனமுள்ள குச்சியை மூன்று நான்கு கணுக்களோடு ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போகுமாறு பையில் ஊன்றி நிழலில் வையுங்கள். தளிர் வந்ததும் வேர் பிடித்துவிட்டது என்று அவசரப்பட வேண்டாம்; குச்சியில் உள்ள சத்திலேயே தளிர் விடும். மூன்று மாதம் பொறுத்து, ஒன்றரை அடிக் குழியில் இரண்டு கூடை மக்கிய தொழுவுரமும் ஒரு கை வேப்பம் பிண்ணாக்கும் இட்டு நடலாம். பிண்ணாக்கு கரையானுக்காக. வடகிழக்குப் பருவமழைக்கு முன் நட்டால் தண்ணீர்ச் செலவு மிச்சம். சிமெண்ட் தரைக்கும் துணி காயப்போடும் கொடிக்கும் தள்ளி வையுங்கள். பழக்கறை லேசில் போகாது.

பூ புதுத் தளிரோடுதான் வரும். அதனால் ஓங்கி வளர விடாமல் ஆள் உயரத்தில் வெட்டி, மிச்ச இலைகளையும் உருவிவிட்டு, எருவிட்டுத் தண்ணீர் கட்டினால் தளிரும் பூவும் சேர்ந்து வரும். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை இப்படிக் காய்க்க வைக்கலாம். சிவப்பாக இருக்கும்போது பறித்தால் புளிக்கும். கறுத்துத் தொட்டவுடன் கையோடு வர வேண்டும். பறித்த பழம் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். ஏக்கர் கணக்கில் போட்டு வெளியூருக்கு அனுப்பலாம் என்ற பேச்சை நம்பிக் கடன் வாங்க வேண்டாம்.

நுனி சுருண்டு வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் மாவுப்பூச்சி. 2008-ல் கோவைப் பக்கம் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி மல்பெரியைப் படுத்திய பாட்டைப் பட்டு விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். எந்த மருந்துக்கும் அடங்காத அது, 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவரப்பட்ட சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவிகளுக்கு அடங்கியது. விஷ மருந்து அடித்தால் அந்தக் குளவிதான் முதலில் சாகும். பழம் பிள்ளைகள் அப்படியே பறித்துத் தின்பது. பக்கத்தில் புழு வளர்ப்பு மனை இருந்தால் மருந்துக் காற்று அங்கும் போகும். சுருண்ட நுனியை ஒடித்துச் சோப்புத் தண்ணீரில் போட்டாலே வீட்டுச் செடிக்குப் போதும்.

வேலி ஓரம் சும்மா கிடந்தால் களா வையுங்கள். முள்ளும் பாலும் உள்ளதால் ஆடு லேசில் நெருங்காது. பழுத்த பழத்தின் விதையை உடனே விதைக்க வேண்டும்; காயவைத்து எடுத்து வைத்தால் முளைப்பு குறைந்துவிடும். மூன்றடிக்கு ஒன்று நட்டு, முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் காட்டினால் பிறகு தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். காய் ஊறுகாய்க்கு, பழம் ஜாமுக்கு. கன்றுக்காக மலைப்பக்கம் காட்டுக்குள் போக வேண்டாம். 2021 முதல் அது திருவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம். செடி பிடுங்குவது குற்றம்.

மழைக்குப் பின் தானாக முளைக்கும் சொடக்குத் தக்காளியையும் களை என்று பிடுங்கி எறியாமல் நான்கு செடி விட்டுவைக்கலாம். உறை காய்ந்து, உள்ளே பழம் மஞ்சளான பிறகு மட்டும் பிள்ளைகளிடம் கொடுங்கள். பச்சைக் காயில் நச்சு உண்டு.