சலூன் அனுமதி ஊசிக்குச் செல்லாது

2016 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கத்தில் தலையில் முடி நடுவதற்குப் போன இளைஞர் ஒருவர் சில நாட்களுக்குள் உயிரிழந்தார். அவர் சென்னை மருத்துவக் கல்லூரியின் இறுதியாண்டு மாணவர். சிகிச்சை முடியும் முன்பே மயக்க மருந்து கொடுத்தவர் புறப்பட்டுப் போயிருந்தார். அந்த நிலையத்துக்கு இருந்ததோ சலூன் நடத்தும் அனுமதி மட்டும்தான் என்பது பின்னர் தெரியவந்தது. மருத்துவம் படித்த பிள்ளைக்கே சலூனுக்கும் சிகிச்சை நிலையத்துக்கும் உள்ள வித்தியாசம் வெளியில் தெரியவில்லை என்றால், மற்றவர்களுக்கு எப்படித் தெரியும்?

இலங்கையின் மாவனல்லையில் கண்டி வீதியோரக் கடைகளைப் பார்த்துக்கொண்டு போகும் ஒருவருக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். புருவம் திருத்துவது, ஃபேஷியல், மணப்பெண் அலங்காரம் எல்லாம் பார்லர் வேலை. தோலைத் துளைத்து மருந்து ஏற்றுவது வைத்தியம். அது எந்தப் பெயர்ப் பலகையின் கீழ் நடந்தாலும் வைத்தியம்தான். பிரதேச சபை தரும் வியாபார அனுமதிப்பத்திரம் ஊசி போடும் உரிமையைத் தராது.

சட்டம் இல்லை என்று சொல்வதற்கில்லை. வைத்தியம் செய்பவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்றிருக்க வேண்டும். தனியார் சிகிச்சை நிலையங்கள் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி பதிவு செய்யப்பட வேண்டும். ஊசி மருந்தும் முகத்தை நிரப்பும் ஃபில்லரும், 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் பொறுப்பில் வருகின்றன. ஆளுக்கு ஒரு சபை, இடத்துக்கு ஒரு சபை, மருந்துக்கு ஒன்று. பார்லரின் பின்னறையில் ஊசி போடும்போது இந்த மூன்றும் ஒரே கட்டிலருகே சந்திக்க வேண்டும். ஆனால் அந்த அறையை எந்தச் சபையும் தன் இடமாக நினைப்பதில்லை. கடையின் வகையைப் பார்க்காமல், செய்யப்படும் செயலைப் பார்த்து அனுமதி கொடுக்கும் முறை வந்தால்தான் இந்த ஓட்டை அடைபடும் என்பது என் உறுதியான எண்ணம். செயலைப் பார்க்கும் அந்த வழியில்தான், இந்தியாவில் தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டல், முடி நடும் சிகிச்சையைத் தகுதி பெற்ற வைத்தியரிடமே ஒப்படைக்கிறது.

கல்யாணத்துக்கு முன் நிறம் கூட்டுவதாகச் சொல்லி ஏற்றப்படும் குளுட்டாதயோன் ஊசியைத் தனியாகச் சொல்ல வேண்டும். நிறத்தை வெளுப்பாக்க எந்த ஊசி மருந்துக்கும் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அங்கீகாரம் தரவில்லை. ஈரல், சிறுநீரகம், நரம்பு மண்டலம் ஆகியவற்றுக்கு வரக்கூடிய பாதிப்பையும், உடலெங்கும் தோல் உரியும் கடுமையான ஒவ்வாமையையும் பற்றி பிலிப்பைன்ஸ் அரசு எச்சரித்திருக்கிறது. கூடவே ஏற்றும் விட்டமின் சி அளவு மீறினால் சிறுநீரகக் கல் உண்டாகலாம். ஒவ்வாமை வந்தால் சில நிமிடங்களில் மூச்சு அடைக்கும். அப்போது கையில் அட்ரினலின் இருக்க வேண்டும், அதைப் போடத் தெரிந்தவரும் பக்கத்தில் இருக்க வேண்டும். ஃபில்லர் தவறி இரத்தக் குழாய்க்குள் போனால் கண்பார்வையே பறிபோகலாம்.

ஊசி வேண்டாம், கிரீம் போதும் என்பவர்களுக்கும் ஒரு செய்தி இருக்கிறது. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் 2021 முதல் 2023 வரை சிறுநீரக நோயோடு வந்த சிலரை ஆராய்ந்த வைத்தியர்கள், அவர்களில் பெரும்பாலோர் முகம் வெளுக்கும் கிரீம் பூசியவர்கள் என்று கண்டறிந்தார்கள். குற்றவாளி பாதரசம். இலங்கையில் மருந்துகள் பற்றிய 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின் தலைப்பிலேயே அழகுசாதனப் பொருள் இருந்தது. அதை நீக்கி வந்த 2015ஆம் ஆண்டுச் சட்டம் மருந்துகளையும் மருத்துவ சாதனங்களையும்தான் முக்கியமாகப் பேசுகிறது. பாராளுமன்றம் திறந்துவிட்ட இந்த வாசலை பாராளுமன்றம்தான் மூட வேண்டும்.

அதுவரை, ஊசி போடுபவரின் பெயரை மருத்துவ சபையின் இணையப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். குப்பியை முழுதாகக் காட்டச் சொல்லுங்கள். மருந்தின் பெயர், தொகுதி இலக்கம், காலாவதித் திகதி மூன்றும் அதில் இருக்க வேண்டும். காட்ட மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். முகவரியில்லாத கிரீமைப் பற்றி முறையிட நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. ஊசிக்குப் பின் மூச்சுத் திணறலோ, முகத்தில் வெளிறலும் கடும் வலியுமோ, பார்வை மங்கலோ வந்தால் பார்லருக்குத் திரும்பிப் போக வேண்டாம். மாவனல்லை ஆதார வைத்தியசாலைக்கு உடனே போய், என்ன மருந்து ஏற்றினார்கள் என்பதை வெட்கப்படாமல் சொல்லுங்கள். முடிந்தால் அந்தக் குப்பியையும் கொண்டுபோங்கள்.