மீஞ்சூரில் தொலைந்த நட்சத்திரங்கள்... காவலூரில் தேடலாம் வாங்க!

சனிக்கிழமை இரவு மீஞ்சூரில் மொட்டைமாடிக்குப் போய் அண்ணாந்து பாருங்கள். தெரிகிற நட்சத்திரங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வல்லூர், அத்திப்பட்டு அனல்மின் நிலையங்கள், காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி துறைமுகம் என விடிய விடிய விளக்கு எரியும் இடங்கள் எல்லாம் பக்கத்திலேயே இருக்கின்றன. அந்த வெளிச்சம் தூசியிலும் ஈரக்காற்றிலும் பட்டுச் சிதறி, வானத்தையே வெளுக்க வைத்துவிடுகிறது. ஊருக்கெல்லாம் மின்சாரம் தரும் மண்ணில் வளரும் பிள்ளைகளுக்குப் பால்வெளி என்பது பாடப்புத்தகத்துப் படம் மட்டும்தான்.

ஒரே ஒரு வார இறுதியில் இதை மாற்றலாம். கையில் இருக்கும் போனே போதும்.

பழவேற்காட்டில் முதல் பாடம்

பொன்னேரி வழியாகப் போனால் பழவேற்காடு. மாலையில் ஏரி, படகுகள், சிவக்கும் வானம் என்று நிலக்காட்சி எடுத்துப் பழக அருமையான இடம். இருட்டியதும் போனைக் கிழக்கே கடல் பக்கம் திருப்புங்கள். அங்கே ஊர் விளக்குகள் இல்லாததால் வானம் கறுப்பாக இருக்கும். தெற்கே திருப்பினால் சென்னையின் வெளிச்சம் படத்தைக் கெடுத்துவிடும்.

வடக்கே இருக்கிறது ஸ்ரீஹரிகோட்டா. 2024 டிசம்பர் 30 அன்று இரவு 10 மணிக்கு பி.எஸ்.எல்.வி. சி-60 கிளம்பியதுபோல, இரவில் ராக்கெட் ஏவும் நாள் அமைந்தால் அதிர்ஷ்டம்தான். ஷட்டரை நீண்ட நேரம் திறந்துவைத்தால், ராக்கெட் போகும் பாதை ஒரு நெருப்பு வில்லாகப் பதியும்.

ஜவ்வாது மலை இருட்டு

உண்மையான இருட்டு வேண்டுமென்றால் ஜவ்வாது மலைதான். வாணியம்பாடிக்கு ரயில், அங்கிருந்து ஆலங்காயம் வழியாகக் காவலூர். வானியல் அறிஞர் வைணு பாப்பு தேர்ந்தெடுத்த இந்த இடத்தில் 1968-ல் 38 செ.மீ. தொலைநோக்கியுடன் ஆய்வு தொடங்கியது. நகர வெளிச்சம் எட்டாத காடு, வடவானத்தோடு தென்வானத்தின் பெரும்பகுதியையும் பார்க்கக்கூடிய அமைவிடம் என இரண்டுமே இங்கே உண்டு. 1986-ல் 2.34 மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1988-ல் இங்கே கண்டுபிடிக்கப்பட்ட குறுங்கோளுக்குக் கணித மேதை ராமானுஜன் பெயரைச் சூட்டினார்கள்.

ஆய்வகத்துக்குள் போக விரும்புபவர்கள், பார்வையாளர் நேரத்தை இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஆய்வகம் பக்கம் டார்ச் அடிக்கக் கூடாது. இரவில் காட்டுப் பாதைகளில் இறங்க வேண்டாம். ஏலகிரியில் தங்கி, விடுதி மாடியில் விளக்கை அணைத்துவிட்டும் படம் எடுக்கலாம்.

போனில் எடுப்பது எப்படி?

* அமாவாசையை ஒட்டிய நாள்களைத் தேர்ந்தெடுங்கள். நிலா வெளிச்சத்திலும் நட்சத்திரங்கள் மங்கிவிடும்.
* பால்வெளியின் மையம் மார்ச்சில் விடியற்காலையிலும், மே மாதத்தில் நள்ளிரவை ஒட்டியும் தென்கிழக்கு, தெற்குத் திசைகளில் தெரியும். விருச்சிகத்தின் வால் பக்கம் தேடுங்கள்.
* டிரைபாட் அவசியம். இல்லையென்றால் செங்கல் மேல் போனைச் சாய்த்து வையுங்கள். 3 விநாடி டைமர் வைத்தால், தொடும்போது ஏற்படும் அதிர்வு படத்தில் விழாது.
* புரோ மோடில் ஐ.எஸ்.ஓ. 1600 முதல் 3200 வரை, ஷட்டர் 15 முதல் 20 விநாடி, ஃபோகஸ் முடிவிலி. நேரம் இதைத் தாண்டினால், பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் கோடாக இழுபடும்.
* வெறும் வானம் மட்டும் வேண்டாம். கீழே ஒரு மரமோ பாறையோ இருந்தால்தான் படத்துக்கு உயிர்.

போனைக் கொஞ்சம் கீழே வையுங்கள்

கண்கள் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். ஒருமுறை போன் திரையைப் பார்த்தாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். படத்தில் தெரியும் நீலமும் ஊதாவும் நேரில் தெரியாது. வெளிறிய புகைத்தடம் போலத்தான் இருக்கும். ஆனாலும் முதன்முறை பார்க்கும் பிள்ளை சட்டென்று பேச்சை நிறுத்திவிடும்.

2022-ல் லடாக்கின் ஹான்லே பகுதியை இருள்வானக் காப்பகமாக அறிவித்தார்கள். மீஞ்சூரில் அது நடக்காது. துறைமுகத்துக்கும் மின் நிலையத்துக்கும் விளக்கு வேண்டும். ஆனால், தெருவிளக்குக்கு ஒரு மூடி போட்டு ஒளியைத் தரைக்குத் திருப்பலாம். யாரும் இல்லாத மாடியில் எரியும் பல்பை அணைக்கலாம். அடுத்த அமாவாசைக்கு அதையே உங்கள் வீட்டில் தொடங்கிப் பாருங்கள். நேற்றுவரை தெரியாத நாலு நட்சத்திரமாவது கூடுதலாகக் கண்ணில் படும்.