வேலைக்கு ஆள் எடுக்கிறீர்களா? 30 நாளில் படிவம் 'க்யூ'

பெங்களூரு தொம்மலூர் மேம்பாலத்தைச் சுற்றியுள்ள சிறு அலுவலகங்களிலும் கடைகளிலும் ஆள் எடுக்கும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். வாட்ஸ்அப்பில் சம்பளம் பேசுகிறார்கள், "திங்கட்கிழமை வந்துவிடு" என்கிறார்கள், வந்தவரின் அசல் மார்க் ஷீட்டை வாங்கிப் பீரோவில் பூட்டுகிறார்கள். நாலு மாதம் கழித்துத் தகராறு வரும்போது இரு தரப்பிடமும் ஒரு காகிதமும் இருப்பதில்லை.

கர்நாடகக் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டம் 1961-இன் 6-ஏ பிரிவின்படி, வேலைக்குச் சேர்ந்த 30 நாளுக்குள் நியமன ஆணை தர வேண்டும். அதற்கென்றே படிவம் 'க்யூ' இருக்கிறது. பெயர், முகவரி, சேர்ந்த தேதி, பதவி, சம்பள விகிதம் எல்லாம் அதில் அடங்கும். நிரப்பப் பத்து நிமிடம்கூட ஆகாது. "ஆஃபர் லெட்டர் மெயிலில் போய்விட்டதே" என்பார்கள். அது சேருவதற்கு முன் தரும் வாக்கு. நியமன ஆணை ஆகாது. 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நியமனக் கடிதத்தைக் கட்டாயமாக்கியுள்ளன. இனியும் தெரியாது என்று சொல்ல வழியில்லை.

"புரொபேஷன்தானே, எப்போது வேண்டுமானாலும் அனுப்பலாம்" என்ற நினைப்பும் தவறு. ஆறு மாதம் வேலை பார்த்தவரை, நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமல் நீக்கக் கூடாது என்கிறது 39-ஆம் பிரிவு.

பத்துப் பேர் இருந்தால் இஎஸ்ஐ (மாதச் சம்பளம் ரூ.21,000 வரை), இருபது பேர் இருந்தால் பிஎஃப். சேர்ந்த அன்றே பதிவு செய்யுங்கள். விபத்து நடந்த பிறகு இந்திராநகர் இஎஸ்ஐ மருத்துவமனை வாசலில் நின்றுகொண்டு கணக்காளருக்குப் போன் போடுவதில் பயனில்லை. பிஎஃப் கணக்கே இல்லாத புது ஆளுக்கு, 2025 ஆகஸ்ட் முதல் உமங் செயலியில் முகத்தைக் காட்டித்தான் யுஏஎன் எண் எடுக்க வேண்டும். அதை வேலைக்கு வரும் முதல் நாளிலேயே முடித்துவிடலாம்.

இடையில் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்று பாண்ட் எழுதி வாங்குவோரும் உண்டு. விஜயா வங்கி வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ரூ.2 லட்சம் பாண்டை ஏற்றது உண்மை. ஆனால் அது பொதுத்துறை வங்கி, அங்கே ஆளெடுப்பது செலவு பிடிக்கும் நீண்ட வேலை. அதையே காட்டி எட்டுப் பேர் கடைக்காரர் மிரட்டினால் வேலையாள் பயந்துவிட வேண்டாம். அசல் சான்றிதழைப் பிணையாக வைப்பது இன்னும் மோசம். சரிபார்க்க டிஜிலாக்கர் இருக்கிறது. அசலைப் பார்த்த கையோடு திருப்பிக் கொடுங்கள்.

வேலையாட்களே, ஆணை தரவில்லை, சம்பளம் பாக்கி என்றால் பன்னேர்கட்டா சாலை கார்மிக பவனில் உங்கள் வட்டத் தொழிலாளர் ஆய்வாளர் யார் என்று கேளுங்கள். வீட்டு முகவரியைச் சொல்லாதீர்கள், வேலை செய்த இடத்தின் முகவரிதான் கணக்கு. இது தெரியாமல் போனால் மேசைக்கு மேசை துரத்துவார்கள். மனு கன்னடத்தில் இருந்தால் நல்லது. எந்த மாதம், எவ்வளவு பாக்கி என்று தொகையோடு எழுதி, பேங்க் ஸ்டேட்மென்டையும் வாட்ஸ்அப் உரையாடலின் பிரிண்டையும் இணையுங்கள். மனு இரண்டு பிரதி வேண்டும். "வைத்துவிட்டுப் போங்கள்" என்றால் நகராதீர்கள். இரண்டாவது பிரதியில் தேதியோடு சீல் வாங்குங்கள். மறுபடியும் சொல்கிறேன், சீல் இல்லாத மனு கொடுக்காத மனு.