வேனில் குளிர் வரவில்லையா? காஸ் அடிக்கும் முன் கசிவைப் பாருங்கள்!

புத்தளத்தில் சுபஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டாலும், வவுனியா தாண்டி ஏ-9 வீதியால் யாழ்ப்பாணம் போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறிவிடும். அங்கிருந்து பண்ணைத் தாம்போதியில் இறங்கினால் இருபுறமும் கடல். வேலணை, புங்குடுதீவு கடந்து குறிகட்டுவான் இறங்குதுறை வரைக்கும் நிழல் என்று சொல்ல அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பனைகள்தான். அபாயா அணிந்த பெண்கள் நாலைந்து பேர், மடியில் கைக்குழந்தை, பின்சீட்டில் வயதான உம்மம்மா. இந்த நேரத்தில் வேனின் ஏசி சூடான காற்றை ஊதத் தொடங்கினால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் குடும்பங்களில் பல புத்தளத்திலேயே வேரூன்றிவிட்டன. ஆனாலும் ஊரைப் பார்க்க, உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போக, விட்டுவந்த காணியை எட்டிப் பார்க்க என்று இந்தப் பயணம் ஓயவில்லை. பெரும்பாலும் போவது பழைய வேனில்தான். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல்தான் தனியாருக்குத் திரும்பத் திறந்தது. இப்போதுள்ள விலையில் புதிதாக ஒன்றை வாங்குவதை எத்தனை வீடுகளில் நினைக்க முடியும்? ஆகவே இருபத்தைந்து, முப்பது வருடத்து ‘டொல்பின்’ வேனைத்தான் பழுது பார்த்துப் பார்த்து ஓட்டுகிறோம்.

ஏசி குளிரவில்லை என்று கராஜுக்குக் கொண்டுபோனால் பல இடங்களில் கேட்கும் பதில் ஒன்றுதான்: “காஸ் முடிஞ்சு போச்சு, அடிச்சுவிட்டாச் சரி.” அடிக்கிறார்கள். குளிர்கிறது. பெருநாள் முடிந்து இரண்டு மாதத்தில் பழைய கதை. திரும்பவும் காசு.

உங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி எத்தனை வருடமாக ஓடுகிறது? பத்து? பதினைந்து? அதற்கு வருடா வருடம் காஸ் அடித்தீர்களா? இல்லையே! வேனின் ஏசியும் அதே விதத்தில்தான் வேலை செய்கிறது. அதிலுள்ள காஸ் பெற்றோலைப்போல எரிந்து தீர்வதல்ல. கொம்பிரசர் அதை அமுக்கிச் சூடாக்கி அனுப்புகிறது. வண்டியின் முன்னால் ரேடியேற்றருக்கு அருகிலிருக்கும் கொண்டென்சரில் அது வெப்பத்தை வெளியே விட்டுத் திரவமாகிறது. பிறகு ஒரு சிறு துவாரத்தால் நுழைந்து, வண்டிக்குள் இருக்கும் குளிர்ச்சுருளில் ஆவியாகும்போது உள்ளேயுள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. மறுபடி கொம்பிரசருக்குப் போகிறது. அதே காஸ், அதே சுற்று. அது குறைந்திருக்கிறதென்றால் எங்கோ ஒரு வழியால் வெளியே போயிருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

ஒரு வித்தியாசத்தையும் சொல்ல வேண்டும். வீட்டுப் பெட்டியின் குழாய்கள் முழுதும் உருக்கி ஒட்டப்பட்டவை. வாகனத்தில் அப்படி முடியாது. எஞ்சின் அதிர்கிறது, ரப்பர் பைப்புகள் இருக்கின்றன, மூட்டுக்கு மூட்டு ரப்பர் வளையங்கள் இருக்கின்றன. ஆகவே பல வருடங்களில் கொஞ்சம் குறைவது இயல்பே. நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை காஸ் சேர்க்க வேண்டி வந்தால் மனம் வருந்த ஒன்றுமில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்றால், நீங்கள் ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிறீர்கள்.

தீவுப் பக்கம் ஓடும் வண்டிகளுக்கு இந்த ஓட்டை மற்ற வண்டிகளைவிடச் சீக்கிரம் விழுகிறது. சோளகம் அடிக்கும் மாதங்களில் தாம்போதியில் போகும் வண்டியின் முகத்தில் உப்புத் தூவானம் படிகிறது. முதலில் வாங்கிக்கொள்வது முன்னாலிருக்கும் கொண்டென்சர்தான். அதன் மெல்லிய அலுமினியத் தகடுகள் உப்பில் வெளுத்து, பொடிந்து, கடைசியில் குழாயே ஊசித்துளை விடுகிறது. பின்சீட்டுக்கும் ஏசி உள்ள வேன்களில் இன்னொரு பலவீனம் உண்டு. பின்பக்கம் போகும் பைப்புகள் வண்டியின் அடிப்பகுதியால் ஓடுகின்றன. வீதியின் உப்பும் சேறும் அவற்றைப் பிடித்திருக்கும் கிளிப்புகளில் தங்கி, அங்கேயே அரிக்கின்றன. கராஜில் யாரும் படுத்துப் பார்க்காத இடம் அது.

“அப்படியானால் ஊர் போய்ச் சேர்ந்ததும் கழுவிவிடுவோம்” என்பீர்கள். நல்லதுதான், ஆனால் எந்தத் தண்ணீரால்? தீவுகளில் கிணற்று நீர் பல இடங்களில் உவர். உவர் நீரால் கழுவிக் காயவிட்டால் உப்பைக் கழுவியதாகாது, பூசியதாகும். நல்ல தண்ணீர் ஒரு வாளி கிடைத்தால் அதைக் கொண்டென்சரின் மேல் மெதுவாக ஊற்றச் சொல்லுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் தகடுகள் மடங்கிப் போகும். குடிக்கவே நல்ல தண்ணீர் தட்டுப்பாடான வீட்டில் அதைக் கேட்க வேண்டாம். புத்தளம் திரும்பிய அன்றே கழுவிக்கொள்ளலாம்.

இனி, பழைய வண்டிக்காரர்கள் கட்டாயம் அறிய வேண்டிய ஒன்று. ஏசி காஸ் என்பது ஒரே வகையல்ல. ஆர்-12 என்ற காஸை அமெரிக்காவில் தோமஸ் மிட்ஜ்லி என்பவர் 1930 இல் அறிமுகப்படுத்தினார். நஞ்சல்ல, எரியாது என்று காட்ட அதைத் தன் நெஞ்சில் இழுத்து, ஒரு மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தாராம்! உலகம் கைதட்டியது. 1974 இல் மொலினா, ரோலண்ட் என்ற இரு விஞ்ஞானிகள், இந்த வகைக் காஸ்கள் வானில் நம்மைக் காக்கும் ஓசோன் படையை அழிக்கின்றன என்று எடுத்துக்காட்டினார்கள். 1995 இல் அவர்களுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. 1987 இல் மொன்றியல் உடன்படிக்கை வந்தது. இலங்கை 1989 இல் அதில் சேர்ந்தது. வளரும் நாடுகளும் 2010 க்குள் ஆர்-12 ஐக் கைவிட வேண்டும் என்று முடிவாகி, அப்படியே ஆயிற்று. 90களின் நடுப்பகுதியிலிருந்து வந்த வாகனங்களில் பெரும்பாலும் ஆர்-134ஏ என்ற காஸ்தான். ஓசோனுக்கு இது தீங்கில்லை. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிடச் சுமார் 1,400 மடங்கு வலியது. ஆகவே கசிய விடுவது பணத்துக்கு மட்டும் நட்டமல்ல.

உங்கள் வண்டி எந்தக் காஸுக்குச் செய்யப்பட்டது? எஞ்சின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சிறு லேபலில் காஸின் பெயரும் எத்தனை கிராம் என்பதும் எழுதியிருக்கும். லேபல் உரிந்துபோன வண்டிகளில் காஸ் ஏற்றும் வாயைப் பார்த்து மெக்கானிக் சொல்வார். ஆர்-12 க்குத் திருகும் புரியுள்ள சிறிய வாய். ஆர்-134ஏ க்கு அழுத்திப் பூட்டும் வாய். ஆர்-12 வண்டியை மாற்ற முடியும். ஆனால் இரண்டுக்கும் ஒயில் வேறு. பழைய காஸை எடுத்து, ஒயிலையும் ட்ரையரையும் ரப்பர் வளையங்களையும் மாற்றி, வாயையும் மாற்றி, முன்பைவிடச் சற்றுக் குறைவாகவே புதிய காஸை ஏற்ற வேண்டும். இருப்பதன் மேலேயே புதியதை அடித்தால் இன்று குளிரும். நாளை கொம்பிரசர் இறுகும். கொம்பிரசரின் விலையை உங்கள் வீட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள்!

கராஜுக்குப் போகுமுன் நீங்களே பார்க்கக்கூடியவையும் உண்டு. ஏசியைப் போட்டதும் எஞ்சின் பக்கம் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். அது கொம்பிரசர் பிடிக்கும் சத்தம். கேட்கவில்லையென்றால் காஸ் அடியோடு போயிருக்கலாம், வெறும் பியூஸாகவும் இருக்கலாம். ஓடும்போது குளிர்ந்து, நின்றால் சூடாகிறதா? கொண்டென்சரின் விசிறியைச் சந்தேகியுங்கள். குளிர் இருந்தும் காற்று பலமில்லையா? உள்ளே தூசு அடைத்திருக்கலாம். இவற்றுக்கெல்லாம் காஸ் அடித்துப் பயனில்லை. வண்டியின் கீழே தண்ணீர் சொட்டுவது கண்டு பயப்படவும் வேண்டாம். அது குளிர்ச்சுருளில் படிந்த ஈரம். ஆனால் பைப் மூட்டில் எண்ணெய்ப் பசையோடு தூசு திரண்டிருந்தால் அங்கே நிறுத்திப் பாருங்கள். காஸோடு ஒயிலும் சேர்ந்து சுற்றுவதால், காஸ் கசியும் இடத்தில் ஒயில் சாட்சி வைத்துவிட்டுப் போகும்.

நல்ல மெக்கானிக் முதலில் இந்தச் சாட்சியைத் தேடுவார். சவர்க்கார நுரை பூசிப் பார்ப்பார், அல்லது சாயம் ஏற்றி ஊதா விளக்கில் பார்ப்பார். கசிவை அடைத்தபின் பம்பைப் பூட்டி உள்ளேயுள்ள காற்றையும் ஈரத்தையும் அரை மணி நேரமாவது இழுத்தெடுப்பார். பிறகு பம்பை நிறுத்தி மீற்றரின் முள் அசையாமல் நிற்கிறதா என்று காத்திருப்பார். முள் ஏறினால் இன்னும் கசிகிறது. ஈரம் உள்ளே தங்கினால் காஸோடு சேர்ந்து அமிலமாகி உள்ளிருந்தே அரிக்கும். கடைசியில்தான் காஸ், அதுவும் தராசில் நிறுத்து. கூடுதலாக அடித்தால் கூடுதலாகக் குளிரும் என்பது வெறும் நம்பிக்கை. அளவு மிஞ்சினால் குளிர் குறையும், கொம்பிரசரும் திணறும். “கசிவு எங்கே இருந்தது? எத்தனை கிராம் ஏற்றினீர்கள்?” என்று இரண்டே கேள்வி கேட்கச் சொல்லுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வண்டியை விடுவானேன்?

சமையல் காஸை ஏற்றினாலும் குளிரும் என்று சிலர் சொல்வார்கள். குளிரும்தான். ஆனால் அது எரியும் காஸ். குளிர்ச்சுருள் இருப்பது நீங்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள். அங்கே கசிந்து ஒரு பொறி பட்டால் என்ன ஆகும்? 2021 இன் இறுதியில் நம் நாட்டுச் சமையலறைகளில் நடந்த வெடிப்புகளை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். எவ்வளவு மலிவென்றாலும் உடன்பட வேண்டாம்.

வண்டியை மாதக்கணக்கில் நிறுத்திவைக்கும் வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. கொம்பிரசரின் அச்சிலுள்ள ரப்பர் தடை ஒயில் படாமல் காய்ந்தால் அங்கேயும் கசியும். வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஏசியோடு எஞ்சினை ஓடவிட்டால் போதும், அதுவும் வெளியில் வைத்து. அந்தக் காலத்து மொறிஸ் மைனருக்கு இந்தக் கவலையே இல்லை. முக்கோணக் கண்ணாடியைத் திருப்பினால் முகத்தில் காற்று! 90களின் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய அந்தக் கார்களை உங்கள் வாப்பாமாரிடம் கேளுங்கள், ஒரு மணி நேரம் கதை சொல்வார்கள்.

குறிகட்டுவானில் நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ படகு வரும்வரை காத்திருக்கும் நேரத்தில்தான் கூடுதல் கவனம் தேவை. ஏசிக்காகக் கண்ணாடிகளை மூடி, எஞ்சினை ஓடவிட்டு, பிள்ளைகளை உறங்கவைக்காதீர்கள். பழைய வண்டியின் புகைக்குழாயிலோ அடித்தட்டிலோ துளை இருந்தால் மணமில்லாத நச்சுப்புகை உள்ளே வரும். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பிள்ளையை உள்ளே விட்டுப் போவதும் ஆகாது. வெயிலில் மூடி நிற்கும் வண்டி அரை மணி நேரத்தில் வெளியைவிட 15 முதல் 20 பாகை செல்சியஸ் வரை கூடச் சூடாகும். எல்லோரும் இறங்கி, கிடைக்கிற நிழலில் நில்லுங்கள். திரும்பி வந்ததும் கதவுகளைத் திறந்து சூட்டை வெளியே விட்டு, கண்ணாடிகளை இறக்கியபடியே கொஞ்ச தூரம் ஓட்டி, அதன்பின் ஏசியைப் போடச் சொல்லுங்கள்.