பாடினால் பாவமா? வட துருவப் பாட்டுக்காரி மாரியின் கதை

தமிழ்நாட்டின் வடக்கு எல்லையில் இருக்கிறது திருத்தணி. ரெயிலில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் ஆந்திரா வந்துவிடும். கடைத்தெருவில் நின்றால் ஒரு காதில் தமிழ் விழும். மறு காதில் தெலுங்கு விழும். பல ஆண்டுகள் நடந்த எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி இந்த ஊர் அன்றைய சென்னை ராஜ்யத்துடன் சேர்ந்தது.

திருத்தணி மலையில் முருகன் கோவிலுக்கு 365 படிகள். ஆண்டுதோறும் டிசம்பர் 31-ந் தேதி படித்திருவிழா நடக்கும். படிக்கு ஒரு திருப்புகழ் பாடிக்கொண்டே பக்தர்கள் ஏறுவார்கள். "பாடாதே" என்று அவர்களை யாரும் தடுப்பதில்லை.

எல்லையில் வாழ்கிறவர்களுக்குத் தாய்மொழியின் அருமை தெரியும். பாட்டின் அருமையும் தெரியும். இப்போது சொல்லப்போவது அதைவிடப் பெரிய எல்லையில், உலகத்தின் வடக்குக் கோடியில் பிறந்த ஒரு பெண்ணின் கதை. அங்கே தாய்மொழியில் பேசினால் கேவலம் என்றார்கள். தம் இனத்துப் பாட்டைப் பாடினால் பாவம் என்றார்கள்.

அந்தப் பெண்ணின் பெயர் மாரி. நம் ஊர்ப் பெயர் போல இருக்கிறது அல்லவா? முழுப் பெயர் மாரி போய்னே.

சூரியன் வராத ஊர்

ஐரோப்பாவின் வடக்கே நார்வே நாடு இருக்கிறது. அதன் வட கோடியில் காரஷோக் என்ற ஊர். 1886-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி அங்கே அடித்த குளிர், தண்ணீர் உறையும் நிலைக்கும் கீழே 51 டிகிரி! நார்வே நாட்டில் அதற்குமேல் குளிர் பதிவானதே இல்லை. குளிர் காலத்தில் பல வாரங்கள் சூரியன் தலை காட்டாது. கோடையிலோ பல வாரங்கள் சூரியன் மறையவே மறையாது. நடு இரவிலும் வெயில்!

அங்கே வாழும் பூர்வகுடி மக்களுக்கு 'ஸாமி' என்று பெயர். அந்தப் பெயருக்கும் நாம் கும்பிடும் சாமிக்கும் சம்பந்தம் இல்லை. அது இனத்தின் பெயர். நார்வே, சுவீடன், பின்லாந்து, ரஷியா ஆகிய நான்கு நாடுகளிலும் இவர்கள் பரவி வாழ்கிறார்கள். பனியில் வாழும் ஒரு வகை மானை மந்தை மந்தையாக வளர்ப்பதும், மீன் பிடிப்பதும் இவர்களுடைய பழைய தொழில்கள்.

மாரி 1956-ம் ஆண்டு நவம்பர் 8-ந் தேதி பிறந்தார். வீடு ஆற்றங்கரையில். அக்கரைக்குப் போனால் பின்லாந்து. தாய் தந்தையர் ஆற்றில் சால்மன் மீன் பிடித்தும், சிறிது பயிர் செய்தும் குடும்பம் நடத்தினார்கள்.

யோய்க் என்றால் என்ன?

ஸாமி மக்களுக்கு என்று ஒரு பாட்டு உண்டு. அதன் பெயர் 'யோய்க்'. அதில் சொற்கள் குறைவு. சில சமயம் சொல்லே இராது, வெறும் ராகம்தான்.

ஒருவரைப் பற்றிப் பாடுவது யோய்க் அல்ல. அந்த ஆளையே பாடுவது யோய்க்! அப்பாவின் யோய்க்கைப் பாடினால் அப்பா எதிரே வந்து நிற்பது போல இருக்குமாம். பிள்ளைக்கு ஒன்று, நண்பனுக்கு ஒன்று, ஓநாய்க்கு ஒன்று, மலைக்கு ஒன்று என்று தனித்தனியாக உண்டு. இன்னொரு விசேஷம்: அந்தப் பாட்டு, கட்டியவருக்குச் சொந்தம் அல்ல, யாரைப் பாடியதோ அவருக்கே சொந்தம்.

முற்காலத்தில் ஸாமி பூசாரிகள் ஒரு வகை மேளத்தை அடித்துக்கொண்டு யோய்க் பாடுவார்கள், குறி சொல்லுவார்கள். நம் ஊரில் உடுக்கை அடித்துக் குறி சொல்லும் பூசாரியை நினைத்துக்கொள்ளுங்கள்.

சுமார் 300, 400 ஆண்டுகளுக்கு முன்னால் பாதிரியார்களும் அதிகாரிகளும் அங்கே வந்தார்கள். "இது பிசாசின் வேலை" என்றார்கள். மேளங்களைப் பிடுங்கினார்கள். பலவற்றைக் கொளுத்தினார்கள். மேளம் வைத்திருந்தவர்கள் மீது வழக்குப் போட்டார்கள். மேளம் போயிற்று, பாட்டும் ஒளிந்துகொண்டது.

வீட்டிலும் தடை, பள்ளியிலும் தடை

மாரியின் பெற்றோர் பக்தி மிகுந்த கிறிஸ்தவர்கள். லெஸ்டாடியஸ் என்ற பாதிரியார் 19-ம் நூற்றாண்டில் தொடங்கிய கண்டிப்பான ஒரு பிரிவைச் சேர்ந்தவர்கள். வீட்டில் துதிப்பாடல்கள் பாடலாம். யோய்க் பாடக் கூடாது. அது பாவம்.

பள்ளிக்கூடத்தில் வேறு ஒரு தடை. 19-ம் நூற்றாண்டிலிருந்தே நார்வே சர்க்கார், ஸாமி மக்களை நார்வேக்காரர்களாக மாற்றியே தீருவது என்று வேலை செய்தது. பாடம் எல்லாம் நார்வே மொழியில். 1902-ம் ஆண்டு ஒரு சட்டம் கொண்டு வந்தார்கள். நார்வே மொழியைப் பேசவும் எழுதவும் படிக்கவும் தெரிந்தவர்களுக்குத்தான் சர்க்கார் நிலம் விற்கப்படும் என்றது அந்தச் சட்டம். மொழி தெரியாவிட்டால் நிலம் இல்லை!

"நம் மொழி தாழ்ந்தது, நம் ஜாதி தாழ்ந்தது" என்ற எண்ணம் குழந்தைகள் மனதில் ஊறியது. மாரியின் மனதிலும் ஊறியது.

ஓர் அணையால் வந்த விழிப்பு

மாரி ஆசிரியை ஆவதற்காக ஆல்டா என்ற ஊரில் படித்தார். அங்கே ஓடும் ஆற்றின் குறுக்கே மின்சாரத்துக்காக ஓர் அணை கட்ட சர்க்கார் திட்டம் போட்டது. முதல் திட்டப்படி ஒரு ஸாமி கிராமமே தண்ணீரில் மூழ்கிவிடும். எதிர்ப்பு கிளம்பவே அந்தக் கிராமத்தை விட்டுவிட்டார்கள். ஆனால் அணையை விடவில்லை.

1979-ம் ஆண்டு சில ஸாமி வாலிபர்கள் தலைநகரான ஆஸ்லோவுக்குப் போனார்கள். பார்லிமெண்டுக்கு எதிரே கூடாரம் அடித்து உண்ணாவிரதம் இருந்தார்கள். நாடே திரும்பிப் பார்த்தது. 1981-ம் ஆண்டு ஜனவரியில், மறியல் செய்தவர்களை அப்புறப்படுத்த சுமார் 600 போலீசார் வந்து இறங்கினார்கள்.

அணை கட்டப்பட்டுவிட்டது. போராட்டம் தோற்றதா? இல்லை. "எங்களுக்கு என்று ஒரு சபை வேண்டும்" என்ற கோரிக்கைக்கு வெற்றி கிடைத்தது. 1989-ம் ஆண்டு அக்டோபர் மாதம் காரஷோக் ஊரில் ஸாமி பார்லிமெண்டை நார்வே மன்னர் ஐந்தாம் ஓலாவ் திறந்துவைத்தார்.

மாரியின் மனதிலும் மாற்றம் வந்தது. "நான் ஏன் வெட்கப்பட வேண்டும்?" என்ற கேள்வி எழுந்தது. அந்தக் கேள்வியே பாட்டாக வந்தது. ஜான் லெனான் என்ற ஆங்கிலப் பாடகர், தொழிலாளியைப் பற்றிப் பாடிய பாட்டு ஒன்று உண்டு. அந்த மெட்டை எடுத்து, ஸாமி குழந்தைகள் பள்ளியில் பட்ட பாட்டைத் தம் மொழியில் எழுதிப் பாடினார் மாரி. ஆசிரியை, பாட்டுக்காரி ஆனார்!

"கேள், கேள்!"

1985-ம் ஆண்டு முதல் இசைத்தட்டு வந்தது. 1989-ல் 'குல குல' என்ற இசைத்தட்டு வந்தது. அதற்கு அர்த்தம், "கேள், கேள்" என்பதாகும். "பாட்டிமார் குரலைக் கேள்; பூமி நம் தாய் என்பதை மறக்காதே" என்பது அதன் சாரம். பீட்டர் கேப்ரியல் என்ற பிரபல ஆங்கிலப் பாடகரின் நிறுவனம் அதை உலகம் முழுவதும் வெளியிட்டது.

வட ஸாமி மொழியைப் பேசுகிறவர்கள் சுமார் 20 ஆயிரம் பேர்தான். நம் ஊரில் ஒரு சின்ன நகரத்தின் ஜனத்தொகை! அவர்களை மட்டும் நம்பி ஒரு பாட்டுக்காரி பிழைக்க முடியுமா? முடியாது. ஆகையால் மாரி நாடு நாடாகப் போய்ப் பாடினார். ஒரு கையில் மேளம், வாயில் தாய்மொழி. பெரு நாட்டுக் கலைஞர் ஒருவரும் அவருடைய குழுவில் வாசித்தார். ஒரு சொல்கூடப் புரியாத ஜனங்கள் உட்கார்ந்து கேட்டார்கள். சொந்தமாக ஓர் இசைத்தட்டு நிறுவனமும் வைத்துக்கொண்டார். அதன் பெயர் 'லெயான்'. ஸாமி மொழியில் அதற்கு "இருக்கிறேன்" என்று அர்த்தம். என்ன பொருத்தமான பெயர்!

ஒலிம்பிக்கில் பாட மறுத்தார்

1994-ம் ஆண்டு நார்வேயில் லில்லஹாமர் என்ற ஊரில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. தொடக்க விழாவில் பாட மாரிக்கு அழைப்பு வந்தது. உலகமே டெலிவிஷனில் பார்க்கும் விழா. வேறு யாராக இருந்தாலும் ஓடிப்போய்ப் பாடியிருப்பார்கள். மாரி மறுத்துவிட்டார். உரிமை கொடுக்காமல், விழாவுக்கு அலங்காரமாக மட்டும் ஸாமி மக்களைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள் என்பது அவருடைய எண்ணம்.

அதே விழாவில் வேறு ஒரு ஸாமி கவிஞர் யோய்க் பாடினார். அவர் பெயர் நில்ஸ் அஸ்லாக் வால்கியாபா. யோய்க்கை முதல் முதலில் மேடைக்கும் இசைத்தட்டுக்கும் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர் அவர். உலகம் நம் குரலைக் கேட்கட்டும் என்று பாடுவதும் ஒரு வழி. வெறும் அலங்காரம் ஆகமாட்டேன் என்று மறுப்பதும் ஒரு வழி. இரண்டுக்கும் துணிச்சல் வேண்டும்.

மறுத்ததால் மாரி கெட்டுப்போகவில்லை. 2003-ம் ஆண்டு வட ஐரோப்பிய நாடுகளின் பெரிய இசைப் பரிசு கிடைத்தது. 2009-ல் நார்வே மன்னரின் விருது கிடைத்தது. 2012-ல் கலைஞர்களுக்கான அரசு உதவித்தொகையும் கிடைத்தது. 2024-ம் ஆண்டில்கூடப் புதிய இசைத்தட்டு வெளியிட்டார்.

அந்த 2024-ம் ஆண்டிலேயே இன்னொன்றும் நடந்தது. மொழியையும் பண்பாட்டையும் அழிக்க முயன்றதற்காக, நவம்பர் 12-ந் தேதி நார்வே பார்லிமெண்டு ஸாமி மக்களிடம் மன்னிப்புக் கேட்டது.

திரும்பி வந்த மேளம்

1691-ம் ஆண்டு ஆண்டர்ஸ் பவுல்சன் என்ற ஸாமி முதியவரிடமிருந்து அதிகாரிகள் ஒரு மேளத்தைப் பிடுங்கினார்கள். அவர் மீது மாந்திரீக வழக்குப் போட்டார்கள். தீர்ப்பு வருவதற்கு முன்பே அந்த முதியவரை ஒருவன் கொன்றுவிட்டான். மேளம் டென்மார்க் நாட்டுக்குப் போயிற்று.

2022-ம் ஆண்டு டென்மார்க் அந்த மேளத்தை ஸாமி மக்களுக்கே சொந்தமாக்கியது. 330 ஆண்டுகளுக்குப் பிறகு! இப்போது அது காரஷோக் ஊரில், ஸாமி மக்களின் பொருட்காட்சி சாலையில் இருக்கிறது. மாரி பிறந்து வளர்ந்த அதே வட்டாரம்தான்.

குழந்தைகள் அங்கே போய் அந்த மேளத்தைப் பார்க்கலாம். பார்த்துவிட்டு வாய் விட்டு யோய்க் பாடலாம். அதைப் பாவம் என்று சொல்லித் தடுக்க இனி எந்தச் சட்டமும் இல்லை.