வெளியேற்றும் உரிமையும் நீதியின் எல்லையும்



ஒரு சபையில் யாரைச் சேர்ப்பது, யாரை விலக்குவது என்று முடிவு செய்யும் உரிமை அதன் பொறுப்பாளருக்கு உண்டா? உண்டு என்றால் அதற்கு எல்லை எது? சடையங்குப்பம், எண்ணூர், திருவொற்றியூர், இராயபுரம் என எங்கு வாழ்ந்தாலும், ஜமாஅத்தோடு பிணைந்த ஒவ்வொரு குடும்பமும் சிந்திக்க வேண்டிய கேள்வி இது.

உரிமையாளரின் உரிமையை இஸ்லாம் மதிக்கின்றது. பிறர் வீட்டில் அனுமதியின்றி நுழையக் கூடாது. திரும்பிச் செல்லுமாறு கூறப்பட்டால் திரும்பிவிட வேண்டும் என்பது சூரத்துந் நூர் (24:27,28) கற்பிக்கும் ஒழுக்கம். வீட்டுக்காரர் காரணம் சொல்ல வேண்டும் என்று அங்கே நிபந்தனை இல்லை.

ஆனால் பள்ளிவாசலும் கப்ருஸ்தானும் எவருடைய சொந்த வீடுமல்ல. அவை வக்ஃபு, முத்தவல்லி அவற்றின் காவலரே தவிர உரிமையாளர் அல்லர். அமானிதத்தை உரியவரிடம் ஒப்படைக்குமாறும், தீர்ப்பளித்தால் நீதியுடன் அளிக்குமாறும் ஒரே வசனத்தில் (4:58) அல்லாஹ் கட்டளையிடுகின்றான். நிர்வாகம் கையில் உள்ளவர் இவ்விரண்டையும் சேர்த்தே சுமக்கின்றார்.

நம் நாட்டில் இக்கேள்வி நீதிமன்றம் வரை சென்றது. ஊர்விலக்கத்தைத் தடுக்கும் சட்டம் ஒன்று 1949-இல் பம்பாய் மாகாணத்தில் இயற்றப்பட்டது. தாவூதி போரா சமூகத்தின் தலைவர் ஸெய்யிதினா தாஹிர் ஸைஃபுத்தீன் அதனை எதிர்த்தார். மார்க்க விவகாரங்களை நிர்வகிப்பது அச்சமூகத்தின் உரிமை எனக் கூறி, 1962-இல் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பால் அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது. தலைமை நீதிபதி பி.பி. சின்ஹா மட்டும் மாறுபட்டார். விலக்கப்பட்டவர் தம் சமூகத்தில் தீண்டத்தகாதவர் நிலைக்குத் தள்ளப்படுகிறார் என்பது அவரது கருத்து. 2016-இல் மகாராஷ்டிரா சமூகப் புறக்கணிப்புக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. 2023-இல், 1962-ஆம் ஆண்டுத் தீர்ப்பை மறுபரிசீலிக்கும் கேள்வி ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வுக்கு அனுப்பப்பட்டது. உரிமையும் நீதியும் மோதும்போது தீர்ப்பு எளிதல்ல என்பதற்கு இதுவே சான்று.

நபிவழியில் நமக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. கிராமவாசி ஒருவர் பள்ளிக்குள் சிறுநீர் கழித்தபோது தோழர்கள் அவரை அதட்டினர். நபி (ஸல்) அவர்களோ அவரை இடைமறிக்க விடவில்லை. பிறகு அவ்விடத்தில் தண்ணீர் ஊற்றச் செய்து, பள்ளியின் நோக்கத்தை அவருக்கு அன்போடு விளக்கினார்கள். அறியாமல் செய்தவருக்கு முதலில் அறிவிப்பு; வெளியேற்றம் அல்ல.

தபூக் போரில் கலந்து கொள்ளாத கஅப் இப்னு மாலிக் (ரலி) உள்ளிட்ட மூவரின் நிகழ்வு இரண்டாவது பாடம். முதலில் நபியவர்கள் கஅப் (ரலி) அவர்களிடம் காரணம் கேட்டார்கள். அவரும் உண்மையைச் சொன்னார். அதன் பிறகே அவர்களுடன் பேச வேண்டாம் என்ற கட்டளை வந்தது. அந்நாட்களிலும் கஅப் (ரலி) பள்ளிக்கு வந்து தொழுதார், எவரும் தடுக்கவில்லை. ஐம்பது இரவுகளுக்குப் பின் மன்னிப்பு இறங்கியது.

எனவே, விலக்கும் முன் நான்கு கேள்விகள் கேட்போமாக. விதி முன்கூட்டியே அறிவிக்கப்பட்டதா? வந்த செய்தி, சூரத்துல் ஹுஜுராத் (49:6) கற்பிப்பதுபோல் விசாரிக்கப்பட்டதா? அலீ (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் போதித்ததுபோல் மறுதரப்பும் கேட்கப்பட்டதா? திரும்பி வர வழி திறந்திருக்கின்றதா?

இவற்றுள் ஒன்றுக்கேனும் 'இல்லை' என்பது பதிலானால், அந்த விலக்கம் அநீதியாகிவிடும் என்று அஞ்ச வேண்டும். நிக்காஹ் பதிவேட்டில் கையெழுத்து மறுக்கப்படுவதும், ஜனாஸாவுக்கு இடம் மறுக்கப்படுவதும் ஒருவரை மட்டும் தண்டிப்பதில்லை. குற்றமேதும் செய்யாத அவரின் மனைவியையும் மக்களையும் சேர்த்தே தண்டிக்கின்றன. ஒருவரின் சுமையை மற்றொருவர் சுமக்கமாட்டார் என்பது குர்ஆன் பலமுறை வலியுறுத்தும் நெறியல்லவா?

உறுப்பினர்களே! உங்களுக்கும் கடமை உண்டு. சபையின் ஒழுங்கைப் பேணுங்கள். நியாயமான கட்டுப்பாட்டை அடக்குமுறை என்று தூற்றாதீர்கள்.

எல்லாம் வல்ல அல்லாஹ், பொறுப்பில் உள்ளவர்களுக்கு நீதியையும், நம் அனைவருக்கும் பொறுமையையும் தந்தருள்வானாக! ஆமீன்.